கடைசிப் பக்கம் எழுதாத நோட்டு

டன்லப் ஸ்திரீட்டில் பள்ளிவாசலுக்கு நாலு கடை தள்ளி அப்துல் மஜீதின் மளிகைக் கடை இருந்தது. கீழே கடை, மேலே வீடு. அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எழுதி முடித்த நோட்டு கடைக்குப் போய்விடும். எந்தப் பாடம், எத்தனை மார்க் என்கிற கேள்வியெல்லாம் கிடையாது. மஜீதின் மனைவி பதுருன்னிசா நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். அதில் எழுத்து இருந்தால் நோட்டு முடிந்தது என்று பொருள். தையலைப் பிரித்து, தாளை அடுக்கி, தராசுக்குப் பக்கத்தில் தொங்கும் கம்பிக் கொக்கியில் குத்திவிடுவார். அதற்கப்புறம் அது சீரகத்துக்கோ மிளகுக்கோ பொட்டலக் காகிதம்.

பதுருன்னிசாவுக்கு ஓதத் தெரியும். நாகூரிலிருந்து தங்கை அரபு எழுத்தில் தமிழை எழுதி அனுப்பும் கடிதங்களைக் கண் மூடித் திறப்பதற்குள் படித்துவிடுவார். தமிழ் எழுத்தும் இங்கிலீஷ் எழுத்தும்தான் தெரியாது. அதனால் பக்கம் நிறைந்திருக்கிறதா என்பது மட்டும்தான் அவருக்குக் கணக்கு.

இந்தச் சட்டத்தால் அதிகம் பாதிக்கப்பட்டது அவர்களுடைய ஒரே மகள் மைமூன். அவள் முதல் வகுப்பில் எழுதிய எழுத்திலிருந்து சிராங்கூன் ரோடு பக்கம் எல்லா வீட்டுச் சமையலறைக்கும் அவள் கையெழுத்து பழக்கம். பதிமூன்று வயதில் பூகோளப் பரீட்சையில் நூற்றுக்கு முப்பத்தெட்டு வாங்கி, வீட்டில் மூச்சு விடாமல் இருந்தாள். எதிர் வரிசையில் குடியிருந்த பூவம்மா கொத்தமல்லி வாங்கிப் போய்ப் பொட்டலத்தைப் பிரித்தவள், மாடி ஜன்னலிலிருந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி, "மைமூனு, என்னாடி முப்பத்தெட்டு!" என்று கேட்டாள். பூவம்மா பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா. அவள் குரலுக்கு அங்கே பிள்ளைகள் தாமாகவே பிறந்துவிடும் என்று தெருவில் பேச்சு.

அந்த முப்பத்தெட்டுக்குப் பிறகு மைமூனுக்குப் பூகோளத்தின்மேல் ரோஷம் வந்துவிட்டது. கடையில் வந்து இறங்கும் சாக்குகளின்மேல் அச்சடித்திருந்த ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடினாள். கிராம்புச் சாக்கில் சான்சிபார். ஏலக்காய்ப் பெட்டியில் அலெப்பி. வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தபோது, வாப்பாவின் கடைக்கு இத்தனை கடல் தாண்டிச் சாமான் வருகிறதா என்று அவளுக்கே ஆச்சரியம். சாமான் எப்படி வந்தது என்று பார்க்கப் போய் வரலாறு ஒட்டிக்கொண்டது. மிளகு கொடியில் காய்க்கும், கிராம்பு மரத்தில் பூக்கும் என்று தெரிந்ததும் செடிகொடி. நோன்புக்குப் பிறை எப்போது தெரியும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாமாமே என்று கேள்விப்பட்டதும் வானம், அதற்காகக் கணிதம். எதிர்க் காப்பிக்கடைப் பலகையில் இருந்த சீன எழுத்துகளில் பதினொன்றை முதலாளியிடமே கேட்டு எழுதிப் பழகினாள். மலாய், தத்துவம், பொருளாதாரம் என்று இன்னும் மூன்று பின்னாலேயே வந்தன. ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசை இருக்கலாம், இரண்டு இருக்கலாம். இது என்ன அநியாயம்! எண்ணிப் பார்த்தால் ஒன்பது வந்தது.

"ஒண்ணுல நில்லுடி. நிக்கவே மாட்டியா?" என்று உம்மா கத்துவார். நிற்க அவளால் ஆகவில்லை. ஒன்றை விட்டுவிடலாம் என்று நினைத்தாலே அன்றைக்குச் சோறு இறங்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதாம் வருஷத் தொடக்கத்தில், உயர்நிலைப் படிப்பின் கடைசி இரண்டு வருஷத்துக்குள் நுழைந்தபோது, செலிகி ரோட்டில் ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கினாள். தொண்ணூற்றாறு பக்கம், நல்ல தடித்த தாள். புக்கிட் தீமா பல்கலைக்கழகத்துக்குப் போய் அந்த ஒன்பதையும் எப்படிப் படிப்பது என்று அதில் திட்டம் போட ஆரம்பித்தாள். எங்கிருந்தோ பல்கலைக்கழகத்தின் பழைய விவரப் புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தாள். கலைப் பிரிவில் முதல் வருஷம் மூன்று பாடம்தான் எடுக்கலாம் என்று அதில் இருந்தது. சரி, மூன்றைப் பதிந்துகொள்வது, மற்ற ஆறுக்கு வழி கண்டுபிடிப்பது. எந்த வகுப்பில் பதியாமலே பின்வரிசையில் போய் உட்காரலாம், எந்த நாள் தாவரத் தோட்டத்துக்குப் போவது, நூலகத்தில் எந்த அலமாரி, எந்த பஸ், மழை பெய்தால் எந்த பஸ் என்று பக்கம் பக்கமாக எழுதினாள். பாடங்களின் பெயர் மட்டும் இங்கிலீஷில். மற்றதெல்லாம் தமிழில், காரணம் அது வாப்பா படிப்பதற்காக எழுதியது. மஜீது தமிழ்ப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் வாசிக்கிற மனிதர். அதிகம் பேசமாட்டார். ஒரு தடவை வேண்டாம் என்றால் மறு தடவை அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் வாய் வராது. நேரில் கேட்டால் தனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று மைமூனுக்குத் தெரியும். நோட்டை வாப்பா கையில் கொடுத்துவிட்டு, அவர் படித்து முடிக்கும்வரை மாடியில் ஒளிந்துகொள்வது என்பதும் திட்டத்தில் அடக்கம்.

உம்மாவின் சட்டத்திலிருந்து நோட்டைக் காப்பாற்ற அவள் செய்த தந்திரம் ஒன்றே ஒன்று. கடைசிப் பக்கத்தில் எழுதவே இல்லை. இரண்டு வருஷமும் பதுருன்னிசா அந்த நோட்டை எத்தனையோ தடவை கையில் எடுத்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், வெள்ளையாக இருந்தது, வைத்துவிட்டார்.

அறுபத்திரண்டு மார்ச்சில், நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டு வாரத்தில், பரீட்சை முடிவு வந்தது. மைமூன் நன்றாகத் தேறியிருந்தாள். தெருவுக்கே கற்கண்டு கொடுத்தார் மஜீது. மறுநாளே பேட்டர்சன் ரோட்டுக்குத் தாமே போய், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு ஃபாரம் வாங்கி வந்துவிட்டார்.

"படிக்கும்போதே சம்பளமாம்லா. பொம்பளைப் புள்ளைக்கு மரியாதையான வேலை" என்று சொல்லி, ஃபாரத்தைச் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே ஆணியில் செருகினார்.

மைமூனின் பெட்டிக்குள் வேறொரு ஃபாரம் இருந்தது. பல்கலைக்கழகத்து ஃபாரம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். தகப்பனார் கையெழுத்து இல்லாமல் செல்லாது. ஒரு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையில் கூட்டம் இருக்காது, அப்போது நோட்டைக் கொடுப்பது என்று முடிவு செய்தாள். அந்தத் தைரியத்தில், வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தையும் எழுதினாள்.

"வாப்பா, நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் நான் அழமாட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் மாட்டேன். பயிற்சிக் கல்லூரிக்குச் சந்தோஷமாகவே போவேன். ஆனால் உங்களிடம் கேட்காமல் மட்டும் இருந்துவிடக் கூடாது."

எழுதி முடித்த சந்தோஷத்தில் நோட்டைத் தையல் மெஷின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பாருங்கள், இரண்டு வருஷம் காத்த பிள்ளைக்கு ஒரு ராத்திரி காக்கத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில் அவள் ஸ்டாம்ஃபர்ட் ரோட்டு நூலகத்துக்குக் கிளம்பிப் போனாள். மஜீது சரக்கு எடுக்கப் போயிருந்தார். கடையில் பதுருன்னிசாவின் தம்பி யூசுப் இருந்தார். பத்து மணிக்குள் கொக்கி காலி. "அக்கா, தாள் இல்லை!" என்று கீழேயிருந்து குரல் வந்தது. பதுருன்னிசா சுற்றுமுற்றும் பார்த்தார். தையல் மெஷின்மேல் நோட்டு. கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். எழுத்து இருந்தது. அப்பாடா, ஒரு வழியாக முடித்தாளே என்று அட்டையைப் பிரித்து, தாளை அடுக்கித் தம்பியிடம் கொடுத்துவிட்டு மீன் ஆணம் கொதிப்பதைப் பார்க்கப் போனார்.

மத்தியானம் மைமூன் திரும்பி வந்தபோது பூவம்மா கடை முன்னால் அஞ்சடி நடைபாதையில் நின்று கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தாள். தமிழ்ப் பள்ளியில் மூன்றாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள்.

"மைமூனு, இது உன் கையெழுத்துதானே? சீரகம் வாங்குனேன். 'காலை ஆறு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்'னு போட்டிருக்கு. எங்கடி கிளம்புற?"

மைமூன் கடைக்குள் ஓடினாள். கொக்கியில் பழைய செய்தித்தாள் தொங்கியது. வாப்பா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். யூசுப்தான் பேசினார்.

"நல்ல தாள்மா அது! பொட்டலம் பிரியவே இல்லை. இன்னும் இருக்கா?"

மைமூன் மாடியேறிப் போய் உம்மாவிடம் சொன்னாள். விஷயத்தைக் கேட்டதும் பதுருன்னிசா அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அட கைசேதமே! கடைசிப் பக்கம் எழுதியிருந்துச்சேம்மா. முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன்."

"படிக்கத் தெரியாதவங்க கையில படுற மாதிரி வச்சேன் பாருங்க, அது என் தப்பு."

சொன்னபிறகுதான் அது எவ்வளவு கொடுமையான பேச்சு என்று அவளுக்குப் புரிந்தது. உம்மா எழுந்தார். சட்டியை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மைமூன் பெட்டிமேல் குப்புறப் படுத்து அழுதாள். இரண்டு வருஷ உழைப்பு போனதற்கும், உம்மாவை அப்படிச் சொன்னதற்கும் சேர்த்தே அழுதாள்.

பதுருன்னிசா தனியாகத் தெருவில் இறங்குகிறவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறியதும் தலையில் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். யார் யார் சனிக்கிழமை சாமான் வாங்கினார்கள் என்று தம்பியிடம் கேட்டு வைத்திருந்தார். வீடு வீடாகப் போய், "மைமூன் எழுதின தாள் இருக்கா?" என்று கேட்டார். டன்லப் ஸ்திரீட், பெர்ச் ரோடு, எருமைச் சந்து வரைக்கும் போனார். எது மகளின் எழுத்து என்று தெரியாததால் நீல மை பட்ட காகிதம் எல்லாவற்றையும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டார். வெயிலில் முகம் சிவந்து திரும்பி வந்து மகள் முன்னால் கொட்டினார். திட்டத்தில் இருபத்தாறு தாள் வந்திருந்தது. கூடவே ஒரு வீட்டு வாடகைச் சீட்டு, யாருடைய இருமலுக்கோ மருந்துச் சீட்டு, ஒரு கல்யாணத்துச் சமையல்காரரின் சாமான் பட்டியல்.

"இதெல்லாம் உன்னுதா பாரு. இல்லாததைத் திருப்பிக் கொடுத்துடலாம்."

"உம்மா, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"சரி சரி, எண்ணு முதல்ல."

மிச்சத் தாள்கள் தாமாகவே வர ஆரம்பித்தன. வந்தவை சும்மா வரவில்லை, யோசனையோடு வந்தன. பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்த துரைசாமி, மஞ்சள் தூள் படிந்த தாளோடு திங்கட்கிழமை கடைக்கே வந்தார்.

"பாய், உங்க மக ஆறே காலுக்குக் குவீன் ஸ்திரீட்ல பச்சை பஸ் ஏறணும்னு எழுதியிருக்கு. ஆறே காலுக்கு ஏது பஸ்? ஆறு அஞ்சு, விட்டா ஆறு இருபது. அதுல ஏறினா உட்கார இடம் கிடைக்காதுலா. திருத்திக்கச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றார் மஜீது. அவ்வளவுதான்.

பூவம்மா தன் தாளில் எண்ணெய்க் கறை பட்டதற்கு வருத்தப்பட்டுக்கொண்டே கொடுத்தாள். சனிக்கிழமை தோறும் தாவரத் தோட்டம் என்று போட்டிருக்கிறாயே, சனிக்கிழமை கல்யாண வீட்டுக்காரர்கள் படம் பிடிக்க வந்து கும்பலாக நிற்பார்கள், ஞாயிறு காலையில் போ என்றாள். காப்பிக்கடை முதலாளி சீன எழுத்துப் பக்கத்தில் ஏழாவது எழுத்துக்கு ஒரு கோடு குறைகிறது என்று தாமே பென்சிலால் போட்டுக் கொடுத்தனுப்பினார். தெருவில் மைமூன் நடந்தால், "என்னம்மா, இரண்டாம் வருஷத்துல தத்துவமா? பைத்தியம் பிடிச்சிடாதா?" என்று கிண்டல் பண்ணாத ஆள் இல்லை. ஊருக்கெல்லாம் அவள் படிப்பு தெரிந்துவிட்டது.

வாப்பாவுக்கும் தெரிந்துவிட்டது என்பதில் சந்தேகமே இல்லை. அவர்தான் வாயைத் திறக்கவில்லை. சாப்பிட்டார், தொழப் போனார், கடையைத் திறந்தார், மூடினார். தெருவே படித்த பிறகு, தன் காதுக்குக் கடைசியாக வந்ததே என்று மனம் கசந்திருக்கும் என்று மைமூன் நினைத்தாள். அந்த எண்ணம்தான் அவளை அதிகம் வதைத்தது. யாருக்காக எழுதினாளோ அவர் கையில் அவளாக ஒரு பக்கம்கூடக் கொடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கடிகாரத்தின் கீழே செருகியிருந்த பயிற்சிக் கல்லூரி ஃபாரத்தை எடுத்துப் பார்த்தாள். தகப்பனார் கையெழுத்து போடுகிற இடத்தில் ஏற்கெனவே கையெழுத்து இருந்தது. அதைத் திரும்பச் செருகிவிட்டு வந்து உம்மாவுக்குப் பூண்டு உரித்துக் கொடுத்தாள். உரித்த பூண்டைத் தோலோடு போட்டாள், தோலைப் பூண்டுக் கிண்ணத்தில் போட்டாள்.

புதன்கிழமையும் போயிற்று. வியாழக்கிழமை மத்தியானம் மீட்ட தாள்களை எண்ணினாள். நாற்பத்தெட்டில் நாற்பத்தொன்று வந்திருந்தது. கடைசித் தாள் வரவில்லை. அதில் எழுதியிருந்தது மட்டும் அவளுக்கு மனப்பாடம். கேட்காமல் மட்டும் இருந்துவிடக் கூடாது. எழுதுகிறபோது எவ்வளவு சுலபமாக இருந்தது! அந்தத் தாள் யார் வீட்டுக் குப்பையில் கிடக்கிறதோ, எழுதினவள் இங்கே நாக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

சாயங்கால அஸர் தொழுகை முடிந்து வாப்பா கடைக்குத் திரும்பியதும் கீழே இறங்கினாள். கடையில் யூசுப் மாமா வெந்தயம் புடைத்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் யாரும் இல்லை.

"வாப்பா."

"ம்."

"நாளைக்குக் கடைசி நாள்."

"எதுக்கு?"

எதுக்கு என்று தெரியாதா என்ன? தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"யுனிவர்சிட்டி ஃபாரம் கொடுக்க. நான் யுனிவர்சிட்டிக்குப் போகணும் வாப்பா. ட்ரெய்னிங் காலேஜ் வேணாம். உங்க கையெழுத்து வேணும்."

மஜீது சாக்கின் வாயை நிதானமாகச் சுருட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"ஒன்பது விஷயம் படிக்கப் போறியாம். துரைசாமி சொல்றார், பூவம்மா சொல்றாங்க. ஒன்பதையும் தொட்டுட்டு ஒண்ணையும் முடிக்காம வந்து நின்னா என்ன செய்வே?"

இதற்கு மைமூன் எழுதியிருந்த பதில்களெல்லாம் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தன. அந்தத் தாள் திரும்பி வராத ஏழில் ஒன்று. அப்போது மாடிப்படியிலிருந்து குரல் வந்தது. பதுருன்னிசா பாதிப் படியில் நின்றிருந்தார்.

"ஏங்க, நம்ம கடையில எத்தனை டப்பா இருக்கு?"

"என்ன கேள்வி இது? ஒரு நூத்தி இருபது இருக்கும்."

"மிளகு மட்டும் வித்தாப் போதாதா? எதுக்கு நூத்தி இருபது?"

"ஒத்தைச் சாமான் விக்கிற கடைக்கு யாரு வருவா? அது வியாபாரம்லா."

"அந்தக் கடையிலதானே அவ வளர்ந்தா" என்றார் பதுருன்னிசா. யூசுப் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மஜீது சிரிக்கவில்லை, மீசை மட்டும் கொஞ்சம் அசைந்தது.

"ஃபாரத்துல எத்தனை எழுதச் சொல்றான்?"

"மூணு வாப்பா. பூகோளம், வரலாறு, மலாய். மத்த ஆறை நானாப் படிச்சுக்குவேன். எல்லாம் முடியாமப் போகலாம். மூணை ஒழுங்கா முடிப்பேன். அதுக்கு நான் பொறுப்பு."

மஜீது இடுப்பில் கட்டியிருந்த பச்சை பெல்ட்டின் பையைத் திறந்தார். உள்ளேயிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் கல்லாப் பலகைமேல் விரித்தார். கொக்கி குத்திய ஓட்டை நடுவில் இருந்தது. மைமூன் பார்த்தாள். கடைசிப் பக்கம்.

"சனிக்கிழமை நான் வந்தப்ப கொக்கியில ஒத்தைத் தாள்தான் தொங்குச்சு. ஒரு அம்மா சோம்பு கேட்டாங்க. சோம்பைக் கொட்டப் போறேன், முதல் வார்த்தை வாப்பான்னு இருக்கு. அவங்களுக்குச் செய்தித்தாள்ல மடிச்சுக் கொடுத்து அனுப்பிட்டேன்."

"சனிக்கிழமையா? அப்ப ஏன் வாப்பா ஒண்ணுமே சொல்லலை?"

"கேக்காம மட்டும் இருந்துடக் கூடாதுன்னு நீதானே எழுதியிருக்கே. நான் முந்திக்கிட்டுச் சரின்னு சொல்லிட்டா நீ கேட்டதா ஆகுமா? அஞ்சு நாளா உன் வாயைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"நான் கேக்காமலே இருந்திருந்தா?"

"அந்த ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுத்தானே வச்சிருக்கேன்" என்று கடிகாரம் இருந்த மாடியைக் காட்டினார். "நாளைக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். கேக்கத் தைரியம் இல்லாத புள்ளை அங்கே போய் என்ன செய்யும்?"

இன்னும் ஒரு ராத்திரி மாடியிலேயே உட்கார்ந்திருந்தால்? மைமூனுக்கு நினைக்கவே பயமாக இருந்தது. அழமாட்டேன் என்று எழுதியவள் தராசுத் தட்டைப் பிடித்தபடி அழுதாள். வேண்டாம் என்று சொன்னால் அழமாட்டேன் என்றுதானே எழுதினாள், சரி என்று சொன்னால் என்ன செய்வது என்று எழுதவில்லையே.

"ஃபாரத்தை எடுத்துட்டு வா" என்றார் மஜீது. "பேனாவும் எடுத்துட்டு வா. கடைப் பேனா மை கொட்டும்."

அந்தக் கடைசித் தாளை மட்டும் அவர் திருப்பித் தரவில்லை. மடித்து மறுபடியும் பெல்ட்டுக்குள் வைத்துக்கொண்டார். நாற்பத்தொரு தாளைப் பதுருன்னிசா பொட்டலம் கட்டுகிற நூலால் தைத்துப் பழைய அட்டைக்குள் வைத்துக் கொடுத்தார். நோட்டைத் திறந்தால் கடை வாசனை வந்தது.

துரைசாமி சொன்ன ஆறு அஞ்சு பஸ்ஸில்தான் மைமூன் மூன்று வருஷமும் போனாள். தத்துவ வகுப்பில் பதியாமல் பின்வரிசையில் உட்கார்ந்தாள். நாலாவது வாரம் விரிவுரையாளர் பெயரைக் கேட்டார். உண்மையைச் சொன்னாள். உட்காரலாம், ஆனால் மற்றவர்களைப் போலக் கட்டுரையும் எழுதித் தரவேண்டும் என்றுவிட்டார். எழுதிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தாவரத் தோட்டத்துக்குப் போனாள், சில ஞாயிறு பூவம்மாவும் பலகாரக் கூடையோடு கூடப் போனாள். சீன எழுத்து இருநூறைத் தாண்டியது. பொருளாதாரம் தலைக்குள் ஏறவில்லை, முதல் வருஷத்திலேயே விட்டுவிட்டாள். வானத்தைத் தொடவே நேரம் கிடைக்கவில்லை. பதிந்த மூன்றையும் ஒழுங்காக முடித்தாள்.

அறுபத்தைந்தில் பட்டமளிப்பு நடந்தது. கறுப்பு அங்கியோடு வீட்டுக்கு வந்தவளைத் தெருவே சுற்றிக்கொண்டது. அடுத்த வருஷத் தொடக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பூகோள ஆசிரியை வேலை என்று முடிவாகியிருந்தது.

"கடைசியில வாத்தியார் வேலைதானே? அன்னைக்கே நான் சொன்ன இடத்துக்குப் போயிருந்தா மூணு வருஷம் மிச்சம்லா" என்று மஜீது எல்லோருக்கும் முன்னால் கிண்டல் பண்ணினார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்ததை யூசுப் பார்த்துவிட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு மஜீது பச்சை பெல்ட்டின் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மனைவியிடம் நீட்டினார். மடித்த இடமெல்லாம் நைந்துபோயிருந்தது.

"இந்தா. இனிமே இது எனக்கு வேண்டாம். நோட்டுல சேர்த்துத் தைச்சுடு."

பதுருன்னிசா ஊசியில் பொட்டல நூலைக் கோத்துக்கொண்டு தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தார். தாளைக் கடைசியில் வைத்துத் தைத்தார். தைத்து முடித்ததும் கை தானாகவே நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தது. எழுத்து இருந்தது.

"மைமூன், இது முடிஞ்சுபோச்சா?"

"இல்லை உம்மா. வானம் இருக்கு. இன்னும் இருக்கு."

பதுருன்னிசா எழுந்து கீழே கடைக்குப் போனார். எதுவும் எழுதாத ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வந்து, அதற்குப் பின்னால் வைத்துத் தைத்தார்.